ஜாஸ்தியா, கம்மியா?

‘நாட்டு நன்மை’ என்று சொல்லும்போதே கண் லேசாகக் கலங்கி, குரல் ஒரு படி இறங்கி, வலது கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவை அகலப்படுத்தியே தீர வேண்டும் என்பார். எதிர்வரிசை வீடுகளை இடித்து. பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்பார், உங்கள் பிள்ளைகளை. இந்த இனத்தில் வக்கீல் உண்டு, வாத்தியார் உண்டு, அரசியல்வாதிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இதன் உச்சிக் கொழுந்தைப் பார்க்க வேண்டுமானால் ஆராய்ச்சி செய்கிற டாக்டர்களிடம்தான் போக வேண்டும். எல்லா ஆராய்ச்சி டாக்டர்களும் அல்ல, சண்டைக்கு வராதீர்கள். குறிப்பிட்ட ஒரு வார்ப்பு.

அந்த வார்ப்பில் பிசிறில்லாமல் வந்தவர் டாக்டர் நிர்மல். திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைக்கும் அவர்தான் தலைவர். அவருடைய ஆராய்ச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு முழ நீளப் பெயர் இருந்தாலும் வார்டில் எல்லோரும் சொன்னது ‘ஜாஸ்தி கம்மி ஆராய்ச்சி’ என்றுதான். விஷயம் இதுதான்: கிருமி ரத்தத்தில் ஏறி, பிரஷர் இறங்கி, நினைவு தடுமாறி வருகிறவர்களுக்கு முதல் சில மணி நேரத்தில் சலைனை ஜாஸ்தியாக ஏற்றுவதா, அல்லது கம்மியாக ஏற்றிவிட்டு, பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைச் சீக்கிரமே தொடங்குவதா? இரண்டு பக்கமும் பெரிய பெரிய டாக்டர்கள் நின்று வாதாடுகிறார்கள். எது மேல் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான்: வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இப்படியும் மீதிப் பேருக்கு அப்படியும் செய்து பார்ப்பது. குலுக்குவது கம்ப்யூட்டர். உறவினர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றால் வழக்கமான வைத்தியம் நடக்கும்.

நல்ல ஆராய்ச்சி. நாலு உயிரைப் பின்னால் காப்பாற்றப் போகிற ஆராய்ச்சி. அதில் குறையே இல்லை.

குறை எங்கே என்றால், பௌர்ணமி நெருங்கும்போது ஊரே கிரிவலக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று கவலைப்பட, இவர் மட்டும் காலண்டரைப் பார்த்துப் புன்னகைத்து, “இந்த வாட்டி கேஸ் நல்லா விழும்” என்பார். கருத்தரங்கு என்றால் ஓடிப்போய் மேடையேறி, நம் மக்களிடம் அறிவியல் மனப்பான்மையே இல்லை, கையெழுத்துக் கேட்டால் ஏதோ கிட்னியைக் கேட்டதுபோல் அலறுகிறார்கள், மாமாவைக் கேட்க வேண்டும், மச்சானைக் கேட்க வேண்டும், சென்னையில் இருக்கிற சகலைக்குப் போன் போட வேண்டும் என்று நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று நடித்தே காட்டுவார். கைதட்டல் பலமாக விழும். தட்டுகிறவர்களும் டாக்டர்கள்தானே?

கையெழுத்து வாங்கும் வேலை சதஃபுடையது. நிர்மலுக்குக் கீழே வேலை பார்க்கிற இளம் டாக்டர். இந்த ஊர்ப் பெண். ஆராய்ச்சியின் மேல் அவருக்கு நிர்மலைவிட நம்பிக்கை அதிகம் என்றே சொல்லலாம். அதனால்தானோ என்னவோ, நிர்மல் நடுவில் புகுந்து உறவினர்களிடம் பேச ஆரம்பித்தால் சதஃபுக்குப் பிடிக்காது.

அன்றும் அப்படித்தான் நடந்தது. தேரடித் தெருப் பக்கம் பீரோ கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மான், மனைவி முன்னி பேகத்தைக் கொண்டுவந்திருந்தார். சிறுநீரில் பிடித்த கிருமி உடம்பெல்லாம் பரவி, பிரஷர் இறங்கிக் கிடந்தது. சதஃப் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். கலீல் பேனாவை வாங்கினார், கொடுத்தார், மறுபடி வாங்கினார்.

“புரியுது டாக்டரம்மா. ஆனா சீட்டு போட்டு வைத்தியம்னா மனசு ஒப்பமாட்டேங்குது. யோசிச்சு சொல்றேனே.”

“தாராளமா யோசிங்க சாச்சா. வேணாம்னாலும் பார்க்கறதுல ஒரு குறையும் வைக்கமாட்டோம்.”

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிர்மல் வந்துவிட்டார். கலீலின் தோளில் கை போட்டார்.

“என்ன பாய், என்ன யோசனை? ரெண்டுமே நல்ல வைத்தியம். நாட்டு நன்மைக்காகக் கேட்கறோம்.”

“தப்பா நெனைக்காதீங்க சார். உங்க வூட்டு ஆளா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?”

“எங்க வீட்டு ஆளா? கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன். சத்தியமா!”

கலீல் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் கம்மி என்றது.

அடுத்த வாரம், ஒரு மத்தியான வேளை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் ஒன்று வந்து நின்றது. நிலக்கடலைக் கொல்லையில் காலைக் குத்திக்கொண்டு, வெறும் புண்தானே என்று விட்டுவிட்ட ஒரு பெரியவரைத் தூக்கிவந்தார்கள். கால் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரையோ தேடிவிட்டு மூடிக்கொண்டார். பெயர் ஸ்ரீபால். டாக்டர் நிர்மலின் அப்பா.

சதஃப் ரத்தம் எடுத்தார், கிருமிக்கு மருந்து ஏற்றினார், பிரஷர் பார்த்தார். ஆராய்ச்சியில் சேர்ப்பதற்குரிய எல்லா அளவும் அப்படியே பொருந்தியது. ஒரு நிமிடம் தயங்கினார். ஒருவரைக்கூடக் கேட்காமல் விடக்கூடாது, விட்டால் ஆராய்ச்சியே கோணிவிடும் என்று வாரந்தோறும் திட்டுகிறவர் எதிரிலேயே நிற்கிறார்.

“சார், அப்பா நம்ம ஆராய்ச்சிக்குப் பொருந்தறாரு. உங்களைக் கேட்கணும்.”

“என்ன கேட்கணும்?”

“சம்மதமான்னு.”

நிர்மல் அவரை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “இவரு எங்க அப்பா சதஃப்.”

“தெரியும் சார்.”

“வெளையாடறியா? சீட்டு குலுக்கிப் பார்க்கறதுக்கு இவரு என்ன...”

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சதஃபுக்கு விளங்கியது. பல நாள் வெளியே வராந்தாவில் கையெழுத்துப் போட்டவர்கள் பக்கம்தான்.

“சரி சார். வேணாம்னு குறிச்சிக்கறேன்,” என்றார். மறுக்க அவருக்கும் உரிமை உண்டு. பயப்படவும் உண்டு. சதஃபுக்கு அதில் வருத்தமே இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை, உயிர் போகிற வேடிக்கை. வழக்கமான வைத்தியத்தையாவது சதஃபிடம் விட்டாரா? நானே பார்க்கிறேன் என்று கையுறையை மாட்டினார். முதலில் கம்மி என்றார். பிரஷர் ஏறக் கொஞ்சம் தாமதமானதும் ஜாஸ்தி என்று இரண்டு பாட்டிலைத் திறந்துவிட்டார். நுரையீரலில் நீர் கோத்துவிடுமோ என்று பயந்து மூடினார். மூடிவிட்டு வேர்த்தார். வேர்த்துவிட்டு மறுபடி திறந்தார். ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு வழி கிடைத்தது; பெற்ற அப்பாவுக்கு எல்லா வழியும் கிடைத்தது, கால் மணிக்கு ஒன்றாக.

கடைசியில் ஒரு மூலைக்குப் போய்ப் போனை எடுத்தார். ஆமாம், சென்னைக்குத்தான். கூடப் படித்தவர், அங்கே பெரிய தீவிர சிகிச்சை நிபுணர். இரண்டு பேர் பேசியதும் பக்கத்தில் நின்ற சதஃபுக்குக் கேட்டது.

“டேய், உண்மையைச் சொல்லு, ரெண்டுல எதுடா நல்லது?”

“அதுக்குத்தானே நீ ஆராய்ச்சி பண்றே? முடிச்சிட்டுச் சொல்லு, நானும் தெரிஞ்சிக்கறேன். முதல்ல அங்கேருந்து வெளியே போ. வேற யாராவது பார்க்கட்டும்.”

அதற்குள் ஸ்ரீபாலுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நிர்மலின் கை மறுபடியும் சலைன் குழாய்க்குப் போனபோது சதஃப் குறுக்கே வந்து நின்றார்.

“சார், வெளியில உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்.”

“நான் இந்த டிபார்ட்மெண்டுக்கு ஹெட்.”

“இப்ப நீங்க பேஷண்டோட அட்டெண்டர் சார். அட்டெண்டருங்க வெளியில.”

சதஃப் கதவைச் சாத்தினார். மறுநாள் வேலை இருக்குமா என்ற நினைப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஆக்சிஜனைக் கூட்டி, பிரஷர் மருந்தை ஒரே சீராக ஓடவிட்டு, காலைத் திறந்து சீழை எடுக்க சர்ஜனைக் கூப்பிட்டார். பெரியவரின் பக்கத்திலேயே இருந்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினார்.

வராந்தாவில் நிர்மல் என்ன செய்தார்? கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து எட்டிப் பார்த்தார். செக்யூரிட்டியிடம் “உள்ள ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார். டிராலி உருண்டால் எழுந்து நின்றார். மேடையில் அவர் நடித்துக் காட்டுவாரே, அதே நடிப்பு. இந்தத் தடவை கைதட்ட ஆளில்லை. பக்கத்து நாற்காலியில் பிளாஸ்க்கோடு கலீல் ரஹ்மான் இருந்தார். முன்னி பேகம் தேறிவிட, வார்டுக்கு மாற்றக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, மூச்சிரைப்பு தணிந்துவிட்டது என்று சொல்ல சதஃப் கதவைத் திறந்தபோது, கலீல் கப்பில் டீ ஊற்றி நிர்மலிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“குடிங்க சார். அப்பாவுக்கும் சீட்டு போட்டாச்சா? இன்னா வந்துது, ஜாஸ்தியா, கம்மியா?”

நிர்மல் கப்பைப் பார்த்தார். “கம்மி,” என்றார்.

“அட, எங்களுக்கும் அதானே! அப்ப பயப்படாதீங்க சார். எங்க வூட்ல நல்லாயிட்டாங்க பாருங்க.”

நிர்மல் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

சதஃப் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். முகம் எரிந்தது. நிர்மல் மறுத்ததற்காக அல்ல. பயந்ததற்காகவும் அல்ல. அந்த டீயைக் குடித்ததற்காக.

ஸ்ரீபால் பிழைத்தார். சில நாளில் எழுந்து உட்கார்ந்து, கொல்லையில் காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். அன்று சதஃப் நிர்மலின் அறைக்குப் போனார்.

“சார், கலீல் சாச்சாகிட்ட பொய் சொன்னீங்க.”

“அது ஒரு ஆறுதலுக்கு.”

“யாருக்கு சார்?”

நிர்மல் மேஜையிலிருந்த ஃபைலைத் திறந்தார். ஆனால் இந்த இனத்தைச் சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் விதி எழுதுவது இவர்களுக்குக் கைவந்த கலை. அதே வாரம் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திருத்தம் போனது: டாக்டர்களின் குடும்பத்தாரை அவரவர் ஆராய்ச்சியில் சேர்க்கலாகாது, சேர்த்தால் முடிவில் பாரபட்சம் நுழைந்துவிடும். விதி என்னவோ நல்ல விதிதான். குழு ஏகமனதாக ஏற்றது. அடுத்த கருத்தரங்கில் நிர்மல் அதைப் பற்றியே பேசினார். சொந்த அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதும் தன் மனம் அறிவியலின் தூய்மையைத்தான் நினைத்தது என்றார். குரல் இறங்கியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

முன்னி பேகத்தை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கலீல் ஸ்வீட் டப்பா ஒன்றோடு வந்து, பெரிய டாக்டர் எங்கே என்று கேட்டார். சதஃப் அவரைத் தனியே அழைத்து, நடந்ததைச் சொன்னார்.

கலீல் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

“பெத்த அப்பா. பயம் இருக்கத்தான் செய்யும்,” என்றார். “ஆனா அன்னிக்கு இவளை உள்ள வுட்டுட்டு நான் தனியா குந்தினு இருந்தேன் பாரு, அவரு சத்தியமா சொன்ன அந்த ஒத்தை வார்த்தையத்தான் புடிச்சினு இருந்தேன் டாக்டரம்மா.”

டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு மனைவியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்.

சதஃப் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இன்னும் கையெழுத்துக் கேட்கிறார். உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், “பயமாத்தான் இருக்கும். எனக்கே தெரியலைங்க” என்கிறார். சிலர் போடுகிறார்கள், சிலர் எழுந்து போகிறார்கள்.

இதுவரை நிர்மலைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். இப்போது அதே வராந்தாவில் நீங்கள் நிற்கிறீர்கள். உள்ளே உங்கள் அப்பா. எதிரே சதஃப் பேனாவை நீட்டுகிறார். என்ன செய்வீர்கள்?

கையெழுத்துப் போடுவேன் என்று சட்டென்று சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் வாருங்கள், மேடையில் நிர்மலுக்குப் பக்கத்திலேயே உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது.