நாற்பத்தொரு கல்லும் ஒரு குடையும்

நடந்தது இவ்வளவுதான்:

1. எங்கள் கந்தோரில் ஒருவர் இருந்தார். அவருக்கென்று சொந்தமாக ஒரு கல் இருந்தது.
2. எனக்கு இருக்கவில்லை.
3. அவருடைய ஊர்க் கற்களை அளக்க என்னை அனுப்பினார்கள்.
4. நான் மூன்று நாள் வெயிலில் நின்று எண்ணினேன். அவர் மூன்று நாளும் குடைக்குக் கீழே இருந்தார்.
5. பிழைத்தது என்னுடைய எண்ணிக்கை.

கொழும்பில் வெள்ளவத்தை தொடங்கிக் கொட்டாஞ்சேனை வரை வீடு வீடாகத் தேடினாலும், ஒரு பாறாங்கல்லுக்கு ஃபோன் எடுத்துக் கதைக்கும் மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர்தான் எங்கள் கல்லண்ணை. அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே, காணி அளந்து வரைபடம் கீறிக் கொடுக்கும் கந்தோர் எங்களுடையது. பழைய வரைபடங்கள் இருக்கும் அறைக்குக் கல்லண்ணை பொறுப்பு. நான் நில அளவையில் பட்டம் பெற்று வந்தவள். கருவியை மூன்று நிமிடத்தில் மட்டம் பார்த்து நிறுத்துவேன். இதைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் விசாரித்ததில்லை.

கல்லண்ணையிடம் மட்டும் எல்லோரும் விசாரிப்பார்கள்.

அவருடைய ஊர் வன்னியில். குளத்துக்குப் பின்னால், ஆதிகாலத்துச் சனங்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே பெருங்கற்களைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் வருடம் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல். பயணம் போகும்போது அதைத் தொட்டு, "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும், "வந்திட்டன்."

கல்லண்ணை கொழும்புக்கு வந்து பல வருடம். "போட்டு வாறன்" சொன்னவர் இன்னும் "வந்திட்டன்" சொல்லவில்லையே என்று கல் கவலைப்படுமாம். ஆகவே திங்கட்கிழமை தோறும் பத்து மணிக்குத் தம்பிக்கு ஃபோன் எடுப்பார். தம்பி சைக்கிளில் போய் ஃபோனைக் கல்லில் வைத்துப் பிடிப்பார்.

"நான்தான். சுகமா இருக்கிறன். இஞ்ச ஒரே மழை."

முதல்முறை கேட்டபோது நான் கேட்டேன். "அண்ணை, அது என்ன சொல்லுது?"

"அது சொல்லாது தங்கச்சி. கேக்கும்."

அடுத்த மேசையில் படம் கீறும் ரிஸ்னா கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே விசாரிப்பாள். "அண்ணே, கல்லுக்கு சொகமா? மழ கெடச்சிச்சா?" மூன்று வருடமாகப் பக்கத்தில் இருக்கிறேன். என் வீட்டில் மழை பெய்ததா என்று அவள் கேட்டதில்லை.

கொழும்புக் கற்களையும் அவர் சும்மா விடமாட்டார். ஒருமுறை கந்தோருக்கு முன்னால் நடைபாதையைக் கிண்டினார்கள். பெரிய கல் ஒன்றைக் கடப்பாரை போட்டு நெம்பும் நேரத்தில் கல்லண்ணை மாடியிலிருந்து இறங்கி ஓடினார். "அய்யே, பொட்டக் இன்ன! பொட்டக் இன்ன!" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். வேலை நின்றது. பஸ் நின்றது. கல்லண்ணை செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கீழே தாழி இல்லை. ஒரு சோடாப் போத்தல் இருந்தது. "சரி, எடுங்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டு மேலே வந்தார். அன்று முழுக்கக் கந்தோரில் அந்தக் கதைதான். அதே நாளில் நான் ஒரு வருடமாக இழுபட்ட எல்லைப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்திருந்தேன். பரவாயில்லை.

பொறாமைதான். மறைக்க ஒன்றுமில்லை. நான் வெள்ளவத்தையில் பிறந்தவள், மூன்றாம் மாடியில். என்னிடம் யாராவது ஊர் கேட்டால் கதை இப்படிப் போகும்:

"எந்த இடம் பிள்ளை?"

"வெள்ளவத்தை."

"அது சரி. சொந்த இடம்?"

"வெள்ளவத்தைதான்."

"ம்" என்பார்கள். மருத்துவர் கெட்ட செய்தி சொல்லும்போது வரும் அதே "ம்."

கல்லண்ணையின் ஊர்ச் சங்கத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. கற்களை ஒட்டிய காணியைக் கல்லுடைக்கும் ஆலை ஒன்று கேட்டிருந்தது. கற்கள் நிற்கும் நிலத்தை ஒதுக்கித் தரச் சொல்லி ஊர் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு வரைபடம் தேவை. எல்லைக்கு உள்ளே வருவது தப்பும். வெளியே நிற்பது ஜல்லியாகும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கற்களின் எண்ணிக்கை.

"அது எழுதேலாது" என்றார் கல்லண்ணை. "எங்கட ஊரில கல்லை எண்ணுறேல்லை."

"ஏன் அண்ணை?"

"பந்தியில இருக்கிற ஆக்களை எண்ணுவீரோ?"

"இல்லை."

"பிறகென்ன? அவையும் இருக்கினம்."

கந்தோரை நடத்தும் எங்கள் சேர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆயிரக்கணக்கான வருடங்களாக அந்த ஊர் செய்யாததை நான் மூன்று நாளில் செய்து முடிக்கப் போகிறேன். கூடவே கல்லண்ணையையும் அனுப்பினார், உதவிக்கு.

அவர் செய்த உதவி: குளக்கரைக்குப் போனதும் கிழக்கு ஓரத்தில் பாய் ஒன்றை விரித்து, பெரிய கறுப்புக் குடையை நட்டு, இருந்துகொண்டார். அவ்வளவுதான்.

"அண்ணை, அந்தக் கம்பத்தை ஒருக்காப் பிடியுங்கோ."

"முழங்கால் நோகுது தங்கச்சி."

"தண்ணிப் போத்தலையாவது எறியுங்கோ."

எறிந்தார். எழும்பவில்லை. சோற்றுப் பார்சலையும் அங்கேயே பிரித்தார். நான் கல்லுக்குக் கல் இலக்கமிட்டு, விவரம் எழுதி, மூன்று நாளில் இரண்டு தரம் சரிபார்த்தேன். இரண்டு தரமும் நாற்பத்தொன்று. அவரிடம் போய், வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். "நாற்பத்தொண்டு, அண்ணை!"

"நல்லது" என்றார். முகத்தில் ஒரு திருப்தி. தோற்றுப்போனவரின் முகம் அப்படி இருக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொழும்புக்கு வந்து ட்ரோன் படத்தோடு ஒப்பிட்டேன். முதல் நாள் காலை கல்லண்ணை தம்பி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் எடுத்த படம். அதில் நாற்பத்திரண்டு. கிழக்கு ஓரத்தில், ஆலை கேட்ட காணியோடு ஒட்டினாற்போல், முழங்கால் உயரம்கூட வராத தட்டைக்கல் ஒன்று. பாய் விரிக்க அளவான கல்.

வரைபட அறைக்குப் போனேன். "அண்ணை, நீங்கள் எதுக்கு மேல இருந்தனீங்கள்?"

"எண்ணாத ஒண்டாவது மிஞ்சவேணும் தங்கச்சி."

"அது ஆருடைய கல்லு?"

"எங்கடதான்."

"உங்கட கல்லையே வெளியில விட்டனீங்களோ? உடைச்சுப் போடுவாங்கள்!"

"மற்றாக்கள்ற கல்லுக்கு மேல நான் எப்பிடிப் போய் இருக்கிறது?"

இப்படிப்பட்ட ஒருவர்மீது பொறாமைப்படுவது சுலபமில்லை. நான் முன்பைவிட அதிகமாகப் பட்டேன். கல் இருப்பது ஒரு வசதி. இது வேறு.

மேசைக்கு வந்து யோசித்தேன். எண்ணினால் அவருடைய வழக்கம் போகும். எண்ணாவிட்டால் கல் போகும். எங்கள் தொழிலில் களத்தில் கண்டதை எழுத வேண்டும். நான் கண்டது என்ன? மூன்று நாளும் அந்த இடத்தில் நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். நாற்பத்திரண்டாவது புள்ளியை வைத்தேன். விவரம் என்ற இடத்தில் எழுதினேன்: குடை. எல்லாப் புள்ளிகளுக்கும் ஐந்து மீட்டர் வெளியால் எல்லையைக் கீறினேன். குடையும் உள்ளே வந்தது.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிள்ளை இது, குடை?"

"களத்தில கண்டது, சேர்."

அவர் கல்லண்ணையின் அறைப் பக்கம் பார்த்தார். கையெழுத்து வைத்தார். எண்ணிக்கை என்ற இடத்தில் நாற்பத்தொன்று என்றே போனது.

அடுத்த வாரம் கல்லண்ணை நீண்ட லீவு எழுதிக் கொடுத்தார்.

"ஏன் அண்ணை?"

"படத்தில குடை எண்டு கிடக்கு. பாக்க வாறவை குடை இல்லாட்டி என்ன சொல்லுவினம்? உம்மட வேலை பிழை எண்டெல்லே சொல்லுவினம். ஆராவது அங்க குடையோட இருக்க வேணும்."

போய்விட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு இப்போது கந்தோருக்கு ஃபோன் வருகிறது. ரிஸ்னா ஒலிபெருக்கியில் போடுவாள். "நான்தான். சுகமா இருக்கிறன். இஞ்ச ஒரே வெயில்." நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன மாதம் மட்டும் கடைசியில் ஒரு வசனம் கூடுதலாக வந்தது. குடை கிழிந்துவிட்டதாம். நான் மத்தியானமே காலி வீதியில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினேன். எங்கள் கந்தோரில் குடைகள் கால் முளைத்து நடப்பவை. அதனால் புதுக்குடை வாங்கினால் பிடியில் பெயர் எழுதிவிடுவது வழக்கம். பழக்கத்தில் இதற்கும் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை. அப்படியே வன்னிக்குப் போகும் இரவு பஸ்ஸில் போட்டு அவருக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போதைய நிலைமை: வரைபடம் கொடுத்து ஏழு மாதம். பதில் வரவில்லை. ஆலைக்கும் அனுமதி கிடைக்கவில்லை. கற்கள் நாற்பத்தொன்று. குடை ஒன்று. குடையில் என் பெயர்.