அருங்காட்சியகத்துக்குப் போன உண்டியல்

சிக்கனம் நாட்டின் முதுகெலும்பு என்று எங்கள் வெஸ்டர்சீல் நகராட்சி கருதுகிறது. கருதுவதற்கென்றே 'மகளிர் நிதித் தன்னிறைவு ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்றை மாடியில் வைத்திருக்கிறது. அதற்கு ஒரு தலைவர், ஒரு காபி இயந்திரம், டிசம்பர் முடிவதற்குள் செலவழித்தே தீரவேண்டிய ஒரு தொகை. மிச்சம் பிடித்தால் அடுத்த ஆண்டு வெட்டிவிடுவார்கள். ஆகவே சிக்கனத்தைப் பரப்பும் அந்தப் பிரிவில் இதுவரை ஒரு சென்ட்கூட மிச்சமானதில்லை.

நாங்கள் ஒன்பது பெண்கள் எந்தப் பிரிவும் இல்லாமலேயே சேமித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தியான ஆல்மூத்தின் பீர்க்கடைச் சுவரில் ஓர் இரும்பு உண்டியல் உண்டு. வரிசையாக எண் போட்ட அறைகள், அறைக்கு ஒரு துளை. வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்குக் குறைந்தது ஐந்து யூரோ போடவேண்டும். தவறினால் ஒரு யூரோ அபராதம். டிசம்பர் முதல் சனிக்கிழமை உண்டியலைத் திறந்து அவரவர் பணத்தை எடுத்துக்கொண்டு, அபராதக் காசில் கேல் கீரையும் சாசேஜும் வயிறு முட்டச் சாப்பிடுவோம். சாவி இரண்டு. ஒன்று ஆல்மூத்திடம், மற்றது என்னிடம். வங்கி எங்கள் ஊர்க் கிளையை மூடிவிட்டுப் போனபிறகு எங்களுக்கு இதுதான் வங்கி. அதைவிட மேல் என்றே சொல்வேன். ஒரு வாரம் வராவிட்டால், "என்னடி ஆச்சு? பணமில்லையா, இல்ல புருஷன் புடுங்கிட்டானா?" என்று வீட்டுக்கே வந்து கேட்க எந்த வங்கியில் ஆள் இருக்கிறது?

அந்த ஆண்டு எங்கள் எல்லாருடைய கவலையும் ஃபென்னாவின் நான்காம் எண் அறைமீதுதான். மீன் ஆலையில் மத்தி அடுக்குகிறவள். அவள் தெருவுக்கு வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கணவன் ஓன்னோ, "நான் இருக்கேன்ல, எங்க போகணும்னாலும் சொல்லு" என்பான், சோபாவை விட்டு எழாமல். ஐம்பத்து நாலு வயதில் அவள் கார் லைசென்ஸுக்குக் கிளம்பினாள். எழுத்துத் தேர்வில் பாஸ். ஓட்டுத் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். ஒரு முறை ரவுண்டானாவில் மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, தேர்வு அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் மூன்றாம் முறை ஓட்டிப் பாஸ் ஆகாவிட்டால் எழுத்துத் தேர்வும் காலாவதி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். மூன்றாம் தேர்வுக்கான பணம் முழுக்க நான்காம் எண் அறையில்.

அக்டோபரில் பிரிவின் தலைவர் திரு. பிரிங்காமா பீர்க்கடைக்கு வந்தார். உண்டியலைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"இது வெறும் இரும்பு இல்லீங்க. இது ஒரு பெண்ணிய ஆவணம். நகர அருங்காட்சியகத்துல கண்காட்சி நடத்தறோம். 'அவள் சேமிக்கிறாள்'னு தலைப்பு. இதுதான் நடு நாயகம்."

"டிசம்பர்ல திறக்கணுமே சார்," என்றேன் நான்.

"தாராளமா. பலகையில உங்க ஒன்பது பேர் பேரும் வரும்."

அதற்குப்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மட்டும் ஆல்மூத் கேட்டாள். இரவல் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஐந்து யூரோவோடு அருங்காட்சியகம் போனோம். நுழைவுக் கட்டணம் மூன்று யூரோ. உண்டியல் கண்ணாடிக்குள் இருந்தது. தொட்டால் மணி அடிக்கும். கிட்டே போகாதே என்று காவலாளி கை காட்டித் தடுத்துவிட்டான். ஐந்து யூரோ சேமிக்கப் போய் மூன்று யூரோ செலவழித்து, சேமிக்காததற்கு ஒரு யூரோ அபராதமும் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டு திரும்பினோம். சட்டம் சட்டம்தான்.

நவம்பர் கடைசியில் நானும் ஃபென்னாவும் மாடிக்கு ஏறினோம்.

"சனிக்கிழமை திறக்கணும் சார். உள்ள இருக்கறது எங்க பணம்," என்றேன்.

"இருந்தது," என்றார் பிரிங்காமா அன்பாக. "இப்ப அது காட்சிப்பொருளின் உள்ளடக்கம். எடை போட்டு, உங்க கணக்கு நோட்டைப் பார்த்து அறை அறையாத் தொகையைப் பதிஞ்சாச்சு. மார்ச் வரைக்கும் எதையும் மாத்தக்கூடாது."

"எனக்கு டிரைவிங் டெஸ்ட் இருக்கு சார்!" என்றாள் ஃபென்னா.

"அம்மா, சேமிப்போட மிகப் பெரிய எதிரி யாரு தெரியுமா? பணத்தை எடுக்கிறவங்க. அந்த எதிரியை நாங்க நீக்கிட்டோம். இந்த ஊர் வரலாத்துலயே உங்க பணம் இப்பதான் முழுசா சேமிக்கப்பட்டிருக்கு."

ஃபென்னா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். கடன் கொடுக்கலாம் என்று அன்று மாலை பீர்க்கடையில் மற்ற எட்டுப் பேரும் கைப்பையைத் துழாவினோம். எல்லார் பணமும் அந்த நாசமாய்ப்போன பெட்டிக்குள்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காபி இயந்திரத்தைச் சன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சுற்றறிக்கை. காட்சிப்பொருளைச் சும்மா பார்ப்பது பழைய பாணியாம். இனி எல்லாக் கண்காட்சியிலும் பார்வையாளருக்கு 'உயிரோட்டமான அனுபவம்' கிடைத்தாக வேண்டும் என்று மேலிடத்து ஆணை. பிரிங்காமா வெளிறிப்போய் பீர்க்கடைக்கே வந்துவிட்டார்.

"அனுபவத்துக்கு நான் எங்கீங்க போவேன்?"

எனக்குப் பொறி தட்டியது. "நாங்க வேணா திறந்து காட்டட்டுமா சார்? வருஷா வருஷம் செய்யற மாதிரியே?"

அவர் முகம் மலர்ந்தது. "நேரடிச் செயல்விளக்கம்! ஆனா எல்லாம் அசலா இருக்கணும்."

"அசல் சாவி சார். அசல் பணம்."

"எடுத்த பிறகு வழக்கமா என்ன செய்வீங்க?"

"பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவோம்."

"அப்படியே செய்யுங்க. ஒரு சின்ன விவரம்கூட மாறக்கூடாது," என்றார் கண்டிப்பாக.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மேயர் ரிப்பன் வெட்டினார். நானும் ஆல்மூத்தும் சாவியைத் திருப்பினோம். எண்ணைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துக்கொண்டாள். நான்காம் எண் என்றதும் ஃபென்னா பணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

"எவ்வளவு தத்ரூபம்!" என்றார் மேயர்.

கைதட்டல் ஓயுமுன் அவள் டிரைவிங் ஸ்கூல் பக்கம் ஓடிவிட்டாள். நாங்கள் விருந்துக்குப் போய்விட்டோம். நாங்கள் திரும்பி வருவதுதான் இரண்டாம் காட்சி என்று நினைத்து மேயர் வெகுநேரம் நாற்காலியில் காத்திருந்தாராம்.

ஃபென்னா பாஸ் பண்ணினாள். ரவுண்டானாவில் யாருக்கும் வழிவிடவில்லை என்று கேள்வி.

மாடியிலோ பீதி. இரவல் வாங்கிய பொருளை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்பது விதி. உள்ளடக்கமோ காலி. நல்லவேளையாக ஆண்டு முடிவு, செலவாகாத தொகை கையில் இருந்தது. அறை அறையாக, பதிந்திருந்த தொகையை அப்படியே நிரப்பினார்கள். மார்ச்சில் உண்டியல் பணத்தோடு பீர்க்கடைக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் மானஸ்திகள். திருப்பிக் கொடுக்கப் போனோம்.

"வாங்கறதுக்கு எங்ககிட்ட நடைமுறை இல்லீங்களே," என்றார் பிரிங்காமா. "எங்க பிரிவு செலவுப் பிரிவு. வரவு வந்தா எங்க மேல விசாரணை வரும்."

வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சென்ட்டையும் பிடித்து வைத்த பெண்கள் கையில் முதன்முறையாக உபரிப் பணம். பழைய கார் ஒன்று வாங்கியிருந்த ஃபென்னா, பின்சீட் காலியாக இருக்கிறது என்று ஒரு நாய் வாங்கினாள். முன்சீட்டில் ஓன்னோவை ஏற்றுவதாக இல்லை. அதைப் பார்த்து ஆல்மூத் ஒன்று. ஆல்மூத்தைப் பார்த்து நான். கோடைக்குள் ஒன்பது பேருக்கும் ஒன்பது நாய்.

ஆகஸ்டில் நகராட்சி அறிவித்தது: 'எதிர்பாராத பண்பாட்டுச் செலவினங்களை' ஈடுகட்ட நாய் வரி இரட்டிப்பு. ஊரில் திடீரென்று நாய்கள் பெருகியிருப்பது மக்களின் செழிப்பைக் காட்டுகிறது என்று மேயர் விளக்கம் வேறு கொடுத்தார். எங்களால் ஊரிலுள்ள அத்தனை நாய்க்காரர்களுக்கும் சேர்த்து விழுந்தது அடி. தெருவில் எங்கள் ஊர் வணக்கமான மொய்ன் சொன்னால்கூடப் பதில் மொய்ன் வருவதில்லை.

உண்டியலில் பத்தாம் எண் அறைக்கு 'நாய்' என்று பெயர் எழுதி ஒட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் போட ஆரம்பித்தோம். இதைக் கேள்விப்பட்டு பிரிங்காமா மறுபடியும் வந்தார். கண் மறுபடியும் கலங்கியிருந்தது.

"வரிக்குன்னே தனி அறையா! இந்தப் பெட்டியை இந்தத் தடவை பெர்லினுக்கே கொண்டுபோகலாம்னு இருக்கோம்."

ஒன்பது பேரும் மேசையில் இருந்தோம். ஒன்பது நாய்களும் மேசைக்கடியில். ஃபென்னா பீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாள்.

"பலகையில நாய்ங்க பேரும் வருமா சார்?"

"கண்டிப்பா வரும்."

ஆல்மூத் பேனா எடுக்க எழுந்தாள்.