உட்கார்ந்த இடத்திலிருந்தே

“ஸ்க்ரீன்ல இப்ப என்ன சார் தெரியுது?” என்று ஜஹீதா போனில் கேட்டாள்.

“என் மூஞ்சிதாம்மா தெரியறது,” என்றார் ராகவேந்திரன். “இன்னிக்கு ஷேவ் பண்ணிக்கலை.”

மானிட்டருக்கு அவர் ஸ்விட்சே போடவில்லை என்பது விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

தி.நகர் பர்கிட் ரோட்டில் ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில் ஜஹீதா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி. ராகவேந்திரன், காசி யாத்திரைக்கு ஆட்களை அழைத்துப் போகும் ஒரு டிராவல்ஸில் சூப்பரின்டெண்டென்ட். ஃபைலில் விலாசம் அடையாறு, காந்தி நகர் என்றிருந்தது. போன் நம்பர் மட்டும் மாறிவிட்டதென்று புதிய நம்பரைப் பேனாவில் எழுதியிருந்தார்கள். தொண்ணூற்றெட்டில் சென்னையில் நம்பர் மாறுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே இருந்த மூன்று சர்வர்களிலும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். சி.டி. முதல் சர்வருக்குள் தயாராக இருந்தது. கட்டளைகளை இவள் இங்கிருந்தே மோடம் வழியாக அனுப்புவாள். முதல் சர்வர் முடிந்துவிட்டால் மற்ற இரண்டும் நெட்வொர்க்கில் அதனிடமிருந்து தாங்களே வாங்கிக்கொள்ளும்.

“அஞ்சு மணிக்கு ஒரு பெரிய பார்ட்டி பார்க்க வராங்க,” என்று காலையிலேயே முதலாளி பரத்வாஜ் சொல்லிவிட்டார். “எங்க இன்ஜினியர் சீட்டை விட்டு எழுந்திருக்காமலே வேலையை முடிப்பாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஆட்டோ பிடிச்சுக் கிளம்பிட்டா என் மானம் போயிடும்.”

ஜஹீதாவின் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு நாள் இருந்தது. தலையாட்டினாள்.

ராகவேந்திரனின் ஆபீசில் டெலிபோன் லைன் ஒன்றே ஒன்று. அவர் பேசினால் மோடம் பேச முடியாது. மோடம் பேசினால் அவர் பேச முடியாது.

“நான் வச்சதும் மறுபடி மணி அடிக்கும் சார். நீங்க எடுக்காதீங்க. மோடமே எடுத்துக்கும்.”

“அதுவே எடுத்துக்கட்டும்மா. எனக்கென்ன.”

மோடம் எடுத்தது. பத்து சதவீதம், இருபது, நாற்பது என்று வேலை ஓடியது. அறுபத்து மூன்றில் நின்றுவிட்டது. ஜஹீதா பதறிப்போய் போனைச் சுழற்றினாள்.

“சத்தியமா மணி அடிச்சப்போ எடுக்கலைம்மா,” என்றார் ராகவேந்திரன். “அரை மணி கழிச்சு ஆத்துக்குப் பேசலாமேன்னு எடுத்தேன். உள்ளே யாரோ கீச்சுக்கீச்சுன்னு கத்திண்டிருந்தா. நாலு தடவை ஹலோ சொன்னேன். பதிலே இல்லை.”

பழையதும் போய், புதியதும் வராமல், பாதிக் கிணறு தாண்டிய நிலையில் முதல் சர்வர் நின்றது.

“பரவாயில்ல சார். முதல் பெட்டியை மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு, “பண்ணிட்டேன். மூணும் ஒரே மாதிரி நீலமா நிக்கறது,” என்றார்.

“மூணுமா? ஒண்ணைத்தானே சார் சொன்னேன்?”

“எது முதல்னு தெரியலையே. கதவுப் பக்கத்துலேர்ந்து எண்ணறதா, ஜன்னல் பக்கத்துலேர்ந்து எண்ணறதா? எதுக்கு வம்புன்னு மூணையும் பண்ணிட்டேன்.”

அணைத்துப் போட்டால் பழையதை அழித்துவிட்டுக் காத்திருக்கும்படி மற்ற இரண்டையும் காலையில் ஜஹீதாவே தயார் செய்து வைத்திருந்தாள். இரண்டாவது சர்வரில்தான் மறுநாள் காசிக்குப் புறப்படுகிற நாற்பத்திரண்டு பேரின் பட்டியல் இருந்தது. பிரதி எடுத்த பிறகுதான் அதைத் தொடுவதாக இருந்தாள். முதலிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

“பேரு, வயசு, பெர்த் நம்பர் எல்லாம் காகிதத்துல இருக்கும்மா. அடிக்க மூணு நாள் ஆச்சு,” என்றார் ராகவேந்திரன். “திரும்ப அடிச்சா போச்சு. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே.”

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

முதல் சர்வரை எழுப்ப ஒரு ஃப்ளாப்பி வேண்டும். அதைத் தயார் செய்து, கம்பெனியில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஹனீஃபா பாயிடம் நீட்டினாள்.

“காந்தி நகர் வரைக்கும் போகணும் பாய். பரத்வாஜ் சார் கேட்டா டீ குடிக்கப் போறேன்னு சொல்லுங்க.”

“டீ குட்க்க அடையாறு போறவன் நான் ஒர்த்தன்தாம்மா,” என்று சொல்லிக்கொண்டே அவர் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பினார்.

அப்போது மணி ஒன்றரை. மூன்றாகியும் அவர் போய்ச் சேரவில்லை. கால் மணிக்கொரு தரம் ஜஹீதா போன் செய்தாள். ராகவேந்திரன்தான் அவளைத் தேற்றினார்.

“வந்துடுவார்ம்மா. லைன் இன்னிக்கு என்ன கிளியரா இருக்கு பாரு. பக்கத்துல நின்னுண்டு பேசற மாதிரியே இருக்கு.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு சார் வண்டி?”

“சாயங்காலம். நானும்தான் போறேன். முப்பது வருஷமா ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் டிக்கெட் போட்டாச்சு. இப்பதான் எனக்கும் ஒண்ணு போட்டுண்டேன்.” தயங்கினார். “லிஸ்ட் ரெடியாகலைன்னா அடுத்த பேட்ச்ல போயிக்கறேன். காசி எங்கே போயிடப் போறது?”

ஜஹீதா ரிசீவரை வைத்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பரத்வாஜின் அறைக்குப் போனாள். அவர் புது டை கட்டிக்கொண்டிருந்தார்.

“நான் அடையாறு போறேன் சார்.”

“இப்பவா? அஞ்சு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. எழுந்திருக்காம முடிக்கிறதுதானே இங்க விசேஷமே?”

“முடியல சார். அவர் மூணு நாள் உட்கார்ந்து அடிச்ச லிஸ்ட் என்னாலதான் அழிஞ்சுது. நானே பக்கத்துல உட்கார்ந்து அடிச்சுக் குடுத்தாதான் அவர் நாளைக்கு ரயில் ஏறுவார்.”

“ப்ரொபேஷன்ல இருக்கே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

படிக்கட்டில் கால் வைத்தபோது எதிரே ஹனீஃபா பாய், சட்டையெல்லாம் நனைந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“காந்தி நகருக்குத்தான் பாய். ஃப்ளாப்பியைக் குடுத்தீங்களா இல்லையா?”

“குட்த்தாச்சு. ஆனா அங்க இல்ல. அங்க பூட்டு தொங்குது. சாப்பாட்டு நேரமாங்காட்டியும்னு ஒரு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன். அப்பால டீக்கடைக்காரரு சொன்னாரு, போன ஞாயித்துக்கெழமையே அவங்க ஆபீஸ மாத்திட்டாங்களாம். போர்டுகூட இன்னும் மாட்டலியாம்.” வெயிலில் போய்வந்த அலுப்பில் சுவரில் சாய்ந்துகொண்டு, கட்டைவிரலால் மேலே காட்டினார். “நம்ம பில்டிங்குதாம்மா. ரெண்டாவது மாடி.”