நாற்பத்தொன்றில் முப்பத்தாறு போனால்

எண்ணிப் பழகியவன் பொய் சொல்லும்போது பூச்சியத்தில் முடியும் எண்ணைச் சொல்லமாட்டான். நாற்பது என்றால் கேட்பவர் சந்தேகப்படுவார். நாற்பத்தொன்று என்றால் நம்பிவிடுவார். இதை அறிந்திருந்ததுதான் என் கெட்ட காலம்.

நில அளவை வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். வட்டை வட்டையாக வயல்களை அளந்து, எதைக் கண்டாலும் எண்ணுகிற வியாதி வந்துவிட்டது. வீட்டு வாசற் படலையிலிருந்து ஆரையம்பதிச் சந்திக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. எண்ணாமல் விட்டது குடித்த கிளாஸ்களை மட்டும்தான்.

பேரனுக்குப் பெயர் வைத்த அன்று, தொட்டிலை ஆட்டப் போய்த் தொட்டிலோடு சரிந்தேன். பிள்ளையை மகள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். (என்னை ஒருவரும் பிடிக்கவில்லை.) அதன்பிறகு பிள்ளையை என் கையில் தரவே இல்லை.

"குடிய விடுற ஆக்கள் கூடிக் கதைக்கிற கூட்டம் ஒண்டு இரிக்கப்பா," என்றாள். "போய் உண்மையச் சொல்லுங்க. மறுகா புள்ளயத் தாறன்."

பக்கத்திலேயே ஒரு கூட்டம் நடப்பதாக அவள் விசாரித்து வைத்திருந்தாள். அங்கே போனால் தெரிந்த முகங்கள் பார்க்குமே. அதனால் நானே தேடி, பாலம் கடந்து, டவுனில் பஸ் மாறிப் போகும்படி தன்னாமுனையில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே என்னை அறிந்தவர் தொகை பூச்சியம்.

சனிக்கிழமை பின்னேரம். கூட்டம் நடந்தது ஒரு பாலர் பாடசாலையில். கதிரைகள் எல்லாம் நாலு வயதுப் பிள்ளைகளுக்கானவை. பதினொரு பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட வட்டமாக உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒன்றிலிருந்து பத்துவரை எழுதிய படம். ஒரு மூலையில் திரை. அதற்குப் பின்னால் யாரோ தேத்தண்ணி ஊற்றும் சத்தம்.

நடத்தியவர் ஒரு மேசன். "பேரும், குடிக்காம எத்தின நாள் எண்டும் சொன்னாக் காணும்," என்றார். மூன்று நாள் என்றார் ஒருவர், ஒன்பது வருடம் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் தலையாட்டினார்கள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். என் கவனமோ சுவரில் இருந்த பத்தைத் தாண்டுவதில் இருந்தது.

"நாற்பத்தொரு நாள்," என்றேன்.

திரை விலகியது. தேத்தண்ணித் தட்டோடு வந்தவர் தம்பிராசா. என் மகளின் மாமனார், எனக்குச் சம்பந்தி. நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். போன ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் என் வீட்டுக் கொல்லையில் இருந்து குடித்திருந்தோம்.

அவர் தட்டைக் கீழே போடவில்லை. எனக்கும் ஒரு கோப்பை தந்தார். சீனி சரியாகவே இருந்தது. பிறகு தன் சின்னக் கதிரையில் குந்தினார்.

"என்ட பேர் தம்பிராசா. பதினெட்டு நாள் இரிந்தன். போன ஞாயிறு மச்சான் ஒராள் 'ஒண்டே ஒண்டு' எண்டார். வேணாம் எண்டு சொல்ல வெக்கமா இரிந்த. இண்டைக்கு ஆறு நாள்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கோபித்துக்கொண்டாவது எழும்பிப் போயிருப்பேன். அந்தப் பதினெட்டை அழித்தவன் நான். அன்று மூன்று தரம் அவர் கையால் கிளாஸை மூடியதும், மூன்று தரமும் நான் அந்தக் கையை விலக்கியதும் ஞாபகம் வந்தது. (கிளாஸ்களை எண்ணவில்லை என்றேனே, அதுவும் பொய்தான்.)

எழுந்தேன். கதிரையும் என்னோடு எழுந்தது. இடுப்பில் இறுகிவிட்டது.

"கதிரையக் கழட்டிப் போட்டுச் சொல்லுங்க ஐயா," என்றார் மேசன்.

"இல்ல, இப்பவே சொல்லுறன். இல்லாட்டி மாத்திப் போடுவன். நாற்பத்தொண்டு இல்ல. அஞ்சு."

தம்பிராசா அப்போதுதான் நிமிர்ந்தார். "ஆறெல்லோ வரவேணும் மச்சான்?"

"திங்கக்கிழம, போத்தல்ல மிச்சம் இரிந்த."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மற்றவர்கள். கதிரையை இழுக்க இரண்டு பேர், என்னைப் பிடிக்க ஒருவர். அன்று என்னைப் பிடிக்க ஆள் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ண மறந்துபோனேன்.

மகள் படலையில் நின்றாள். "எத்தின நாள் எண்டு சொன்னீங்க?"

இரண்டு எண்ணையும் சொன்னேன். வெகுநாளுக்குப் பிறகு சிரித்தாள். பிள்ளையை மட்டும் தரவில்லை. "அந்த நாற்பத்தொண்டு உண்மையா வரட்டும்," என்று உள்ளே போய்விட்டாள்.

வந்தது. அதற்கு முப்பத்தாறு நாள் எடுத்தது. அன்று காலை ஆறு மணிக்கே குளித்து, கதிரையில் அசையாமல் உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் தம்பிராசா, நாற்பத்திரண்டாம் நாள்காரர், தன் முறைக்குக் காத்திருந்தார்.

பேரன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். எங்கள் வீட்டில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் முப்பத்தாறைக் கழித்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். மரத்தில் ஐம்பது மாங்காய் என்றால் பதினாலு. நேற்று, ஆயிரத்து நானூறு நாள் ஆயிற்று என்றேன். மகள் அடுப்படியிலிருந்தே, "ஆயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு," என்றாள்.

நான் திருத்தவில்லை. இரண்டில் எதுவானாலும், இன்றைக்கு ஒன்றைக் கூட்ட வேண்டும்.