எருமையோடு தோல் பங்கிட்ட நாக்கு மேஸ்திரி

தர்மபுரி மாவட்டத்தில் மாம்பழத்துக்காக அடித்துக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மாம்பழத் தோலுக்காக எருமை மாட்டோடு மல்லுக்கு நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் நாக்கு மேஸ்திரி. அந்தத் தோலைச் சீவியவளே நான்தான் என்பதால், இதை என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள், ஒன்றும் அவசரமில்லை.

எண்பதுகளில் அதியமான்கோட்டையைத் தாண்டிப் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு ஜூஸ் கம்பெனி இருந்தது. ஜூஸ் என்று பேர்தான், போட்டது மாங்கூழ். கோடை பிறந்தால் லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும். பழுக்கவைத்து, கழுவி, எங்கள் வரிசைக்கு அனுப்புவார்கள். பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து தோல் சீவுவோம். என் கத்தியில் தோல் காம்பிலிருந்து மூக்கு வரை அறுந்ததே கிடையாது. தோலை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சீவிய பழம் மிஷினுக்குள் போய்க் கூழாகிப் பெரிய அண்டாவில் விழும். டப்பாவில் அடைப்பதற்கு முன் ருசி பார்த்து, சரி என்று தலையாட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாக்கு மேஸ்திரி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்று ஒன்று இருந்திருக்கும். சம்பளம் கொடுக்கிற மேனேஜரே அதை மறந்துவிட்டார்.

அந்த நாக்கை அவர் வளர்த்த மாதிரி யாரும் பிள்ளையை வளர்த்திருக்கமாட்டார்கள். சீசன் நாளில் மிளகாய் தொடமாட்டார். வெற்றிலை இல்லை, பீடி இல்லை. காபியை நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பார். ஆனால் சர்க்கரையை மட்டும் தம்ளர் அடியில் மணலாகத் தேங்கும் அளவுக்குப் போட்டுக்கொள்வார். காலையில் முதல் அண்டாவைப் பார்க்கும்வரை வாய் திறந்து பேசமாட்டார். பேசினால் நாக்கு தேய்ந்துவிடுமாம். அதுவரை எல்லாம் கை ஜாடைதான். ஒரு நாள் ரிவர்ஸில் தன்மேல் வந்த லாரியை நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் தூக்கிக் காட்ட, டிரைவர் அதைக் கும்பிடு என்று நினைத்துத் திருப்பிக் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தார். தப்பியது பெரிய காரியம்.

மேனேஜரிடம் இனிப்பு அளக்க ஒரு கண்ணாடிக் கருவி இருந்தது. மேஸ்திரி சொன்னதும் கருவி சொன்னதும் ஒத்துப்போனால், "பரவால்ல, கருவி தேறிட்டு வருது" என்பார். ஒத்துப்போகாத நாளும் உண்டு. அன்றைக்கு, "கருவிக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ருசி பார்ப்பது என்றால் விரலில் தொட்டு நக்குவது இல்லை. அண்டாவுக்கு ஒரு கரண்டி. நிறைய எடுத்து, கண்ணை மூடி, கடைசிச் சொட்டு வரை விழுங்குவார். "பாதி ருசி நாக்குல, மீதி தொண்டையில" என்பது அவர் கொள்கை.

ஒரு வருஷம் அவருடைய அண்ணன் சர்க்கரை வியாதி வந்து கால் புண் ஆறாமல் கிடந்தார். அதைப் பார்த்துப் பயந்துபோன மேஸ்திரியின் சம்சாரம் பச்சையம்மாக்கா, இவரையும் தர்மபுரிக்கு இழுத்துப்போய் ரத்தம் பார்க்க வைத்தார். டாக்டரிடம் நடந்த பேச்சை மேஸ்திரி எங்களுக்குத் தினமும் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார்.

"சர்க்கரை இன்னும் உங்களுக்கு வரலைங்க. ஆனா வாசல் வரைக்கும் வந்து நிக்குது."

"யாரு கூப்ட்டாங்கன்னு வந்துச்சு?"

"நீங்கதான். கரண்டி கரண்டியா கூப்ட்டிருக்கீங்க."

டாக்டர் நல்ல மாதிரி. எல்லாம் விவரமாகவே சொல்லியிருக்கிறார். ருசி பார்த்தால் துப்பிவிட வேண்டும். காபிக்குச் சர்க்கரை வேண்டாம். தினமும் நன்றாக நடக்க வேண்டும். பழ ஆசை வந்தால் கூழாகவோ ஜூஸாகவோ குடிக்காமல், கொய்யா மாதிரி ஒன்றைத் தோலோடு கடித்துத் தின்னலாம், கொஞ்சமாக. தோலில் நார் இருக்கிறது. நார் கூட இருந்தால் சர்க்கரை ரத்தத்துக்குள் அடித்துப்பிடித்து ஓடாமல் மெல்ல நடந்து போகும்.

இத்தனையில் மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று, தோல். துப்புவது அவருக்குப் பாவம். சர்க்கரையில்லாத காபி அதைவிடப் பாவம். ஆகவே ஒரு கரண்டி கூழ் விழுங்கினால் ஒரு கை தோல் தின்றுவிட வேண்டியது, தராசு நேராகிவிடும் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. அவர் கூப்பிட்டு, "மேஸ்திரி, சீசன் முடியட்டும். மறுபடி ரத்தம் பாப்போம். சர்க்கரை உள்ள வந்துட்டுதுன்னா உங்கள இந்த வேலையில வெச்சிருக்க எனக்கு மனசு வராது. கேட்ல வாட்ச்மேனா உக்காந்துக்கங்க" என்றார்.

"கேட்ல ஒக்காந்து எதைங்க ருசி பாக்கறது? லாரி டயரையா?" என்று கேட்டுவிட்டு வந்தாலும், அன்று முழுக்க மேஸ்திரி முகத்தில் ரத்தமில்லை. அந்த நாக்கைத் தவிர அவருக்குச் சொத்து என்று ஒன்றும் கிடையாது. நாக்கு மேஸ்திரியைக் கேட்டில் உட்காரவைத்தால் வெறும் மேஸ்திரிதான். அதுவும் யாருக்கு மேஸ்திரி?

மறுநாள் எங்கள் வரிசைக்கு ஒரு பேசினோடு வந்து நின்றார். ஒவ்வொருத்தி கூடையிலிருந்தும் ஒரு தோலை எடுத்து, துணிக்கடையில் சேலை பார்க்கிற மாதிரி விரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு என் கூடைக்கு வந்தார்.

"ஏம்மா சவேரி, ஒந்தோல்லதான் சதையே இல்ல. மத்தவளுங்க தோல்ல பாதிப் பழம் ஒட்டிக்கிட்டிருக்குது. அதத் தின்னா நான் செத்தேன். இனிமே ஒந்தோல் எனக்கு."

வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "சவேரிக்கா, ஒந்தோலுக்கு ஆளு வந்தாச்சு" என்று எதிரில் இருந்தவள் கிண்டலடித்தாள். நான் சட்டை செய்யவில்லை. இருபது பேர் நடுவில் என் சீவலைத் தேடி வந்து எடுத்த மனிதரை நான் என்ன சொல்வது?

இதில் ஒரு சிக்கல். சீவிய தோல் அத்தனையும் முனியப்பன் என்ற எருமைக்காரருக்கு என்று கம்பெனி பேசி வைத்திருந்தது. அவர் சாயந்தரமானால் வண்டியோடு வருவார். வண்டிக்குப் பின்னால் அவருடைய பெரிய எருமை, விருந்துக்கு வருகிற சம்பந்தி மாதிரி அசைந்து அசைந்து வரும். அன்று மேஸ்திரி பேசினை மடியில் வைத்து மென்றுகொண்டிருக்கிறார். எருமை நேரே வந்து பேசினுக்குள் தலையை விட்டது. மேஸ்திரி ஒரு முனையில் தோலைப் பிடித்து இழுக்க, அது மறுமுனையில் இழுக்க, என் சீவல் அப்போதும் அறுபடவில்லை.

"என்னாங்க மேஸ்திரி, வாயில்லா ஜீவன் சோத்துல கைய வெக்கிறீங்க. நாயமாங்க?" என்றார் முனியப்பன்.

"எனக்கு மருந்துய்யா இது. ஒன் எருமைக்கென்ன, சர்க்கரையா?"

"எம்மாட்டுக்கு ஏங்க சர்க்கரை வருது? அதுதான் தெனம் தோல் திங்குதே."

மேஸ்திரி அப்படியே பிடியை விட்டுவிட்டார். கண் பளபளத்தது. "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? கேட்டுக்கிட்டீங்களா?" என்று வரிசையைப் பார்த்து எருமையைக் கை காட்டினார். அன்றிலிருந்து அந்த எருமைதான் அவருக்குச் சாட்சி. யார் சந்தேகப்பட்டாலும், "ஒடம்பப் பாரு, தோலப் பாரு, எப்புடி மினுமினுங்குது" என்பார். எருமையைத்தான் சொல்வார்.

பிறகு எதையும் விடவில்லை. ஆரஞ்சுத் தோல், சப்போட்டாத் தோல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி எல்லாம் அவர் வாய்க்குள் போயின. ஒரு நாள் வீட்டில் பலாப்பழத்தின் முள்தோலைக் கையில் வைத்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாராம். பச்சையம்மாக்கா அதைப் பிடுங்கி, "அதத் தின்னீங்கன்னா நான் எங்காத்தா வூட்டுக்குப் போய்டுவேன்" என்று சொன்ன பிறகுதான் கீழே வைத்தார்.

மாங்காய்க் காம்பில் வடிகிற பால் பொல்லாதது. தோலைச் சரியாகக் கழுவாமல் தின்றால் வாயை வெந்துபோக வைக்கும். மேஸ்திரிக்கு அவசரம், கழுவவில்லை. ஒரு காலையில் வந்தார் பாருங்கள், இரண்டு உதடும் இரண்டு பெங்களூராப் பழம். நாக்கு தடித்து வாய்க்குள் திரும்ப இடமில்லை. அன்றைக்கென்று பார்த்து, கூழ் வாங்கப் பம்பாயிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்து அண்டா பக்கத்தில் நிற்கிறார். பக்கத்தில் மேனேஜர். அவர் நம்பிக் கையில் எடுக்கிற கண்ணாடிக் கருவி அன்று சேலத்தில் ரிப்பேருக்குப் போயிருந்தது.

"எங்க மேஸ்திரி சொன்னா சரியா இருக்கும்" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி கரண்டியை எடுத்தார், கண்ணை மூடினார், விழுங்கினார். கண்ணைத் திறந்தார். கேட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் கண் அது. ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. கூழும் வெந்நீரும் ஒன்றாக இருந்திருக்கும்.

நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனேன். "மேஸ்திரிண்ணா, கரண்டியக் குடுங்க, கழுவித் தரேன்" என்று வாங்கி, வியாபாரி முதுகுக்குப் பின்னால் போய் ஒரு நக்கு நக்கினேன். புளிப்பு கொஞ்சம் தூக்கல். நல்ல பழத்தோடு பழுக்காத காயும் விழுந்திருக்கிறது. மேஸ்திரியைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கி, புளியங்காய் கடித்த முகம் காட்டினேன்.

மேஸ்திரி நிமிர்ந்தார். வீங்கிய வாயால் தம் கட்டிச் சொன்னார். "இது புளிக்குது. இத அனுப்பாதீங்க. அடுத்த அண்டாவப் பாருங்க."

வியாபாரி தானும் தொட்டு நக்கிப் பார்த்தார். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற கம்பெனியை அதுவரை பார்த்ததில்லை போல. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மேனேஜர் மட்டும் மேஸ்திரி உதட்டையும் என் கையிலிருந்த கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இனிமே கம்பெனிக்குள்ள யாரும் தோல் திங்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

உத்தரவு போட்டால் மேஸ்திரி விட்டுவிடுவாரா? சாயந்தரம் தோல் வண்டி கிளம்பினால் பின்னாலேயே கிளம்பிவிடுவார். முன்னால் முனியப்பன், நடுவில் எருமை, பின்னால் மேஸ்திரி. நல்லம்பள்ளிப் பக்கம் முனியப்பன் கொட்டகை வரைக்கும் நடந்து, என் சீவலாகப் பார்த்துப் பொறுக்கி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு, இருட்டுகிற நேரத்துக்கு நடந்தே திரும்புவார். பஸ்ஸில் ஏற்றினால் தோல் வாடிவிடுமாம். பச்சையம்மாக்கா அதை நன்றாகக் கழுவி, வேகவைத்து, துவையல் அரைத்துக் கேழ்வரகுக் களியோடு வைப்பார். வயிறு திம்மென்று நிறைந்துவிடும். அதற்கு மேல் காபி இறங்காது. நாக்கு புண்ணாக இருந்த நாட்களில் கூழை விழுங்க முடியாமல் துப்பிப் பழகினார். ஆறிய பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. பாதி ருசி தொண்டையில் என்ற கொள்கையை அதற்கப்புறம் யாரும் அவரிடம் ஞாபகப்படுத்தவில்லை.

சீசன் முடிந்தது. ரத்தம் பார்க்கிற நாளில் சாட்சிக்கு நான் வர வேண்டும் என்றார். எருமையையும் கூட்டிவர முனியப்பனைக் கேட்டிருக்கிறார். டவுன் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்றதும்தான் விட்டார். ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் பச்சையம்மாக்காவும் நடுவில் அவருமாக உட்கார்ந்திருந்தோம். காலையில் முதல் அண்டாவைப் பார்க்கும் முன் இருப்பது மாதிரியே மேஸ்திரி எல்லாம் கை ஜாடையில் பேசினார். நான் ஜெபமாலையை மடிக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "வாசல்ல நின்னது தெருமுனைக்குப் போயிருக்குங்க. என்ன பண்ணீங்க?"

"தோல்" என்றார் மேஸ்திரி. அந்த ஒரு சொல்லில் ராஜ்ஜியம் ஜெயித்த குரல் இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். எருமை, நடை, களி, விட்டுப்போன காபி, துப்பல் எல்லாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தோலும் நல்லதுதாங்க. ஆனா தோல் மட்டும் இத பண்ணல. தோலத் தேடி நடந்தீங்க பாருங்க, அதுவும் சேந்துதான் பண்ணிச்சு. விட்டீங்கன்னா திரும்பி வந்துரும். நடையை விடாதீங்க."

வெளியே வந்ததும் மேஸ்திரி சொன்னார். "டாக்டருக்கு ஒத்துக்க மனசு வரல, பாத்தியா சவேரி."

ஆனால் நடையை விடவில்லை. சீசன் இல்லாத நாளிலும் தோலே இல்லாத வண்டிக்குப் பின்னால் எருமையோடு பேசிக்கொண்டே நடப்பார். அடுத்த சீசனுக்கும், அதற்கு அடுத்ததற்கும், கம்பெனி மூடுகிறவரைக்கும் கரண்டி அவர் கையில்தான் இருந்தது. கேட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மேஸ்திரி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சர்க்கரையால் இல்லை, வயதாகி, தூக்கத்தில். போன மாதம் டாக்டரம்மா எனக்கும் அதே வாசல் கதையைச் சொன்னார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போதெல்லாம் மாம்பழம் என்றால் ஒரு கீற்றுதான். நிறைய நடக்கிறேன். பழத்தைச் சீவினால் தோலை நன்றாகக் கழுவித் தட்டில் வைக்கிறேன். பாதியை நான் மெல்லுகிறேன். மீதியை எதற்கு ஓரமாக எடுத்து வைக்கிறீர்கள் என்று மருமகள் கேட்கிறாள்.

சும்மாதான் என்கிறேன். என் கை இப்போது லேசாக நடுங்குகிறது, ஆனால் தோல் இன்னும் அறுபடவில்லை. அதை விரித்துப் பார்த்து, சதை இல்லை என்று சொல்லி எடுத்துக்கொள்ள அவர் இருந்திருக்கலாம்.