மனோகர் சலூனில் ஓர் ஆத்துமா

ஐஸ்வால்,
கிறிஸ்துமசுக்கு முந்தைய சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர், போதகர் ரெம்ருவாதா அவர்களுக்கு,

உங்கள் அத்தான் சங்குமா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா ரோசாங்கியும் சுகம். என் முழங்கால் குளிருக்குக் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. உங்கள் அக்காவின் நாக்கு எந்தப் பருவத்திலும் மக்கர் பண்ணியதில்லை. பீகார் பனியில் நீங்களும் பிள்ளைகளும் கம்பளியும் கிருபையும் போர்த்திக்கொண்டு நலமாயிருக்க வேண்டுகிறோம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைத்தால் நெஞ்சு வெடித்துவிடும். உங்கள் அத்தான் ஓர் ஆத்துமாவை ஆதாயம் பண்ணிவிட்டான்! சிரிக்காதீர்கள். நீங்கள் வருஷா வருஷம் எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர், உங்களுக்கு இது சாதாரணம். எனக்கு இதுதான் முதல்.

நடந்தது இதுதான். நம் சபைக்குப் புதிதாக வந்த போதகருக்குத் திடீரென்று மனவேதனை வந்துவிட்டது. வெளியூருக்குச் சுவிசேஷ ஊழியர்களை அனுப்பிவிட்டு நாமெல்லாம் வீட்டில் பன்றிக்கறி தின்று கொழுத்துப்போனோமாம். ஆகவே 'ஆளுக்கொருவர்' என்று ஒரு திட்டம். கிறிஸ்துமசுக்குள் ஒவ்வொருவரும் விசுவாசியாத ஒருவரிடமாவது தன் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டு, பண்டிகைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அல்லேலூயா என்று கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது, நம் பேட்டையில் விசுவாசியாதவருக்கு எங்கே போவது? போலீஸ்காரர் பாடகர் குழுவில் இருக்கிறார். வட்டிக்கடைக்காரர் ஜெபக்குழுத் தலைவர். போன வருஷம் தண்ணீர்த் தொட்டித் தகராறில் என் சட்டையைக் கிழித்தானே, அவன்கூட ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மத்தளம் அடிக்கிறான். சல்லடை போட்டுச் சலித்ததில் மூன்று பேர்தான் தேறினார்கள். மூவரும் சமவெளிக்காரர்கள். செருப்பு தைப்பவர், உருளைக்கிழங்கு வியாபாரி, அப்புறம் நம் தெருமுனை மனோகர் சலூன்காரர்.

மூப்பர் பியாக்மாவியா இருக்கிறாரே, எதிலும் முந்திக்கொள்ளும் மனுஷன், அன்று மாலையே செருப்பு தைப்பவரைப் பிடித்துக்கொண்டார். போய் நிற்கக் காரணம் வேண்டுமே என்று நல்ல செருப்பின் வாரைத் தானே அறுத்துக்கொண்டு போவார், தைத்து முடிப்பதற்குள் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அந்த மனுஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில்சாருக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு வியாபாரியைப் பெண்கள் ஐக்கியம் எடுத்துக்கொண்டது. அத்தனை பெண்களும் அன்பளிப்பாக ஆளுக்கொரு கட்டு கடுகுக்கீரையோடு ஒரே நேரத்தில் கடையில் நுழைந்ததும், ஏதோ கலவரம் என்று நினைத்து அவர் கடையை இழுத்துச் சாத்திவிட்டார். மீந்தது மனோகர்.

நான் ஏன் இவ்வளவு அலைந்தேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தப் பேட்டையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்களே, அதை வீடு வீடாக வாங்கி, விற்று, உங்களுக்கு அனுப்புகிற பொருளாளர் வேலையை நான் எத்தனை காலமாகச் செய்கிறேன்! அரிசி சுமந்து தோள் இறங்கிப்போயிற்று. ஆனால் இன்றுவரை இந்த வாயால் ஒரு மனுஷரிடமாவது "நான் இயேசுவை விசுவாசிக்கிறேன்" என்று சொன்னதில்லை. சொல்ல இங்கே ஆளும் இல்லை, எனக்குத் துணிச்சலும் இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உங்கள் அக்காவிடம் சொன்னதற்கு, "மூனா அப்பா, எங்கிட்டயே நீங்க இன்னும் சொன்னதில்லையே, என்னை மொதல்ல ரட்சிங்களேன்" என்கிறாள்.

திட்டத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த தம்பி மூன்று விஷயங்களை அடித்துச் சொன்னார். எடுத்தவுடன் பிரசங்கம் கூடாது. உங்களைப் பற்றிப் பேசாதீர்கள். கேள்வி கேட்டு அவரைப் பேசவிடுங்கள். இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் கேட்க வந்ததைக் கேட்காமலே முடியை மட்டும் வெட்டிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் சவரத்துக்குப் போனேன். என் இந்தியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், மண்வளத் துறையில் ஒப்பந்தக்காரர்களிடம் சண்டை போட்டுக் கற்ற இந்தி, அதில் சாந்தமான வார்த்தைகள் குறைவு. எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, செத்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கவனித்தேன், அவருடைய கத்தி என் தொண்டையில் இருந்தது. மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சில் காத்திருந்தவன் பேப்பரை இறக்கிப் பார்த்தான். பிறகு மனோகர் கத்தியை எடுத்துவிட்டு, "பயப்படாதீங்க பாபுஜி, அதுக்கப்புறமும் வாழ்வு இருக்கு" என்றார். அவர் வாயாலேயே வந்தது! எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த அதிர்ச்சியில் என் மீசையில் பாதி போனதும், சமன் செய்ய மீதியும் போனதும் தனிக்கதை. உங்கள் அக்கா கதவைத் திறந்துவிட்டு, "யார் வேணும்?" என்று கேட்டாள்.

அதன்பின் வாரம் இரண்டு முறை போக ஆரம்பித்தேன். வெட்ட முடி இல்லாதபோது தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், எண்ணெய் அலுத்தபோது முகத்துக்கு ஏதோ மாவு பூசிக்கொண்டேன். உங்கள் அக்கா, "இந்த வயசுல யாருக்காக இந்த அலங்காரம்? பொண்ணு யாருன்னாவது சொல்லிடுங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டாள். நான் எல்லாவற்றையும் சிலுவை என்று சுமந்தேன். கடவுள் என்று ஒருவர் இருப்பாரா என்று ஒருநாள் கேட்டேன். "சந்தேகமே வேண்டாம் பாபுஜி" என்றார். பாவம் செய்தவனுக்கு மன்னிப்பு கிடைக்குமா என்று கேட்டேன். கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிய பாவமா இருந்தாலும் கிடைக்கும், நீங்க மனசை விட்றாதீங்க" என்றார். ரெம்ருவாதா, இவ்வளவு பக்குவப்பட்ட நிலத்தை நீங்கள் பீகாரில் பார்த்திருக்கிறீர்களா?

ஒருநாள் மட்டும் சறுக்கிவிட்டேன். "மனசுல பாரம் வந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "மேல இருக்கிறவர்கிட்டதான். நீங்க சொல்றதில்லையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். உங்களைப் பற்றிப் பேசாதீர்கள் என்று பயிற்சித் தம்பி சொன்னது சரியாக அப்போது ஞாபகம் வந்து, "நானா? நான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். இயேசுவைத் தெரியாது என்று மறுத்த சீடன் கதைதான், சேவல் கூவாததுதான் பாக்கி. அவர் எனக்குப் பால் கலக்காத செந்தேநீர் வாங்கிக் கொடுத்து, சவரத்துக்கும் காசு வாங்கவில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழமை என்கூட ஒரு எடத்துக்கு வர்றீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் சீட்டாட்டமோ என்னவோ என்று பயந்து, "ஞாயித்துக்கெழமை எனக்கு வேற வேலை இருக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

அந்த முகம் என்னை விடவில்லை. நேற்று காலை, ஆனது ஆகட்டும் என்று பயிற்சியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் போனேன். துண்டைக் கட்ட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மனோகர், நான் ஒண்ணு சொல்லணும். என் மகன் மூனா சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல கெடந்தான். டாக்டரே கைய விட்டுட்டார். எனக்கு ஜெபம் பண்ண வார்த்தைகூட வரல, தலைமாட்டுல சும்மா உக்காந்திருந்தேன். அப்ப இயேசு என் பக்கத்துல உக்காந்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, தெரியும். அவரை நான் நம்புறேன். இத்தனை வருஷமா வெளிய சொல்ல வெக்கப்பட்டேன், அவ்வளவுதான்." சொல்லி முடித்த பிறகுதான் அவர் கையை விட்டேன். மனோகர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்! வந்துட்டீங்க பாபுஜி, வீட்டுக்கு வந்துட்டீங்க!" என்று விம்மினார். 'நான் வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டியதை உணர்ச்சிவசப்பட்டு மாற்றிச் சொல்கிறார், பாவம். நானும் அழுதேன். பெஞ்சில் இருந்தவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முடி வெட்டாமலே போய்விட்டான்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய எழுத்தில் அச்சிட்ட இந்தி வேதாகமம் ஒன்று உடனே அனுப்பி வையுங்கள், புது விசுவாசிக்கு என் கையாலேயே கொடுக்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் நான் எழுந்து நிற்கும்போது மூப்பர் பியாக்மாவியாவின் முகத்தைப் பார்க்க நீங்கள் இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அறுவடையின் ஆண்டவர் உங்கள் கையையும், தாமதமாக வயலில் இறங்கிய என் கையையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
மீசை இல்லாத அத்தான்,
சங்குமா.

பின்குறிப்பு: பண்டிகைக்காகத் தபால் நிலையம் மூடிவிட்டதால் இந்தக் கடிதம் தபாலில் போடாமல் கிடந்தது. போடாமல் இருந்ததே நல்லதாயிற்று. வேதாகமம் அனுப்ப வேண்டாம். நேற்று சபையின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மனோகரை அழைத்திருந்தேன். மனைவியோடு வந்தார், இருவர் கையிலும் ஓரம் நைந்த இந்திப் பாட்டுப் புத்தகம். அவர் பெயர் மனோகர் இல்லையாம். பழைய முதலாளியிடம் கடையை வாங்கியபோது பலகையையும் சேர்த்து வாங்கினாராம். சொந்தப் பெயர் மசீதாஸ் திர்கி, அதாவது மேசியாவின் தாசன். ஜார்கண்டில் கும்லா பக்கம் நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறுதோறும் ராணுவ முகாம் பக்கம் இந்தி ஆராதனைக்குப் போகிறார், என்னை அன்று கூப்பிட்டதும் அங்கேதான். "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். "நீங்க யாரும் கேக்கலையே பாபுஜி" என்றார். சாவைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை ஒரு கிழவர் வந்து உட்காருகிறார், ஏதோ பெரிய குற்றம் பண்ணிவிட்டுத் தவிக்கிறார் போல என்று தன் சொந்த ஊருக்குப் போனில் சொல்லியிருக்கிறார். ஒரு கிராமமே புதன்கிழமைதோறும் முழங்காலில் நின்று என் ரட்சிப்புக்காக ஜெபித்திருக்கிறது. நான் மனந்திரும்பிய சேதி போனதும் மணியடித்து ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்களாம். எனக்கென்று அவர்கள் முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்த இந்தி வேதாகமம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பெரிய எழுத்துதான்.

உங்கள் அக்கா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க ஜெபம் ஒண்ணும் வீணாப் போகல. வாயைத் தெறந்தீங்க இல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொன்று. விருந்தில் மசீதாஸ் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், "இப்ப இன்னொரு பெரியவர் வர ஆரம்பிச்சிருக்கார், பாபுஜி. பியாக்மாவியான்னு பேரு. மொட்டைத் தலை, ஆனா தினமும் முடி வெட்டணும்ங்கிறார். கடவுள் உண்டான்னு கேக்கிறார். ஊருக்குச் சொல்லிட்டேன், இந்தப் புதன்கிழமையிலிருந்து அவருக்காக ஜெபம் ஆரம்பிக்குது" என்றார். நான் மூப்பரிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஜெபம் நடக்கட்டும்.