நாற்காலிக்காக ஒரு கேக்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டினேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இது நானூறாவது முடிவாக இருக்கும். இதுவரை போனதெல்லாம் என் மானம்தான். இந்தத் தடவை போகவிருந்தது என் நாற்காலி.

ஜன்னலோரம் கிடக்கிற பிரம்பு நாற்காலி. நான் தையல்காரன். காலையெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு மத்தியானம் அதில் சாய்ந்தால் போதும், கூரை மேகமாகிவிடும், நான் பஞ்சாகிவிடுவேன். முதுகில் ஒரு ஓட்டை உண்டு. இருக்கட்டுமே. என் முதுகு அந்த ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது.

"பழைய சாமான்காரர் நாலு மணிக்கு வர்றார். அந்த நாற்காலியைக் குடுத்துடப் போறேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

"ஐயையோ, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. அதுல உட்கார்ந்துட்டு நீங்களும் ஒண்ணும் பண்றதில்ல. எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுக் குடுத்திருக்கீங்களா?"

"வெந்நீர் என்ன பெரிய வெந்நீர், கேக்கே பண்ணுவேன்!"

வாய் சொல்லிவிட்டது. எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"பண்ணுங்க. தனியா பண்ணி முடிச்சா நாற்காலி இந்த வீட்டை விட்டுப் போகாது. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்."

எங்கள் வீட்டு டப்பாக்களில் வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. 'உப்பு' என்றால் உள்ளே சர்க்கரை. 'காபித்தூள்' என்றால் மைதா. எறும்பை ஏமாற்ற அவள் செய்த ஏற்பாடு. எறும்புகளுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தேன். மூன்றாவது டப்பா சோப்புத்தூள். 'தூ' என்று துப்பினேன்.

"என்னங்க சத்தம்?" என்றாள் உள்ளேயிருந்து.

"ருசி பார்த்தேன்."

"நுரை வந்தா வாயைக் கொப்புளிச்சுடுங்க."

கண்ணை மூடிக்கொண்டே எப்படித்தான் தெரிகிறதோ!

வெண்ணெயும் சர்க்கரையும் கை கழலும்வரை அடித்தேன். முட்டை, மைதா, பேக்கிங் பவுடர், கொஞ்சம் பால், இரண்டு சொட்டு வெனிலா. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோல, பாத்திரத்தில் பாதியைத் தாராளமாக விட்டு ஊற்றி, ஓவனுக்குள் தள்ளினேன். மணி மூன்று. முக்கால் மணி நேரம் காவல் இருக்க வேண்டும். காவலை நின்றுகொண்டா இருப்பார்கள்?

சாய்ந்தேன். வெனிலா வாசனை மெல்ல வந்து மடியில் உட்கார்ந்தது. ஜன்னல் வெயில் வெண்ணெயாக உருகியது. கேக் எழும்பியது. ஓவனைத் தாண்டி, கூரையைத் தாண்டி, என்னையும் நாற்காலியையும் சுமந்துகொண்டு பொன்னிற மேகமாக மிதந்தது. கீழே கொடியில் காய்ந்த சட்டைகள் எல்லாம் கை ஆட்டின. கால்சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் "எப்பங்க குடுப்பீங்க?" என்று கத்தினார்கள். காதில் விழாத உயரத்துக்குப் போய்விட்டேன். மேகத்தின் மேல் யாரோ வளையல் சத்தத்தோடு நடந்து வந்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

வாசல் மணி அடித்தது. மணி நாலு!

துள்ளி எழுந்தேன். கருகிய வாசனை? இல்லை. மேஜை மேல் கேக். பொன்னிறம், புஸ்ஸென்று, ஒரு கீறல் இல்லை. என் மேல் சால்வை. அதன் ஒரு மூலை, சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கியதுபோல, இன்னும் கதகதப்பாக இருந்தது, வெண்ணெய்க் கறையோடு. கட்டிலில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் விட்ட முதல் குறட்டை.

சாமான்காரர் உள்ளே வந்தார். கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தவள் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தாள். "பிரமாதம்மா! யாரு பண்ணது?"

"அவரைத்தான் கேக்கணும். ஏங்க, சரியான நேரத்துக்கு நீங்கதானே எடுத்தீங்க?"

நாற்காலியைப் பார்த்தேன். "நான்தான்."

"யாரும் கை வைக்கலையே?"

"யாரு வைப்பா?"

"அப்ப நாற்காலி போகாது" என்று அவரை அனுப்பிவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "இந்தக் கைப்பக்குவத்தை இத்தனை வருஷமா ஒளிச்சு வெச்சிருந்தீங்களே! ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பம் வருது, பதினோரு பேர். இனிமே ஞாயிறு சமையல் உங்களோடது."

"அது வந்து... உண்மையில..."

"உண்மையில?" என்றபடி வாசலை எட்டிப் பார்த்தாள். சாமான்காரர் தெருமுனையைத் தாண்டவில்லை.

"ஒண்ணுமில்ல. பதினோரு பேருக்கு எத்தனை முட்டைன்னு யோசிச்சேன்."

அவள் வார்த்தை தவறாதவள். நாற்காலி வீட்டை விட்டுப் போகவில்லை. சமையலறைக்குத்தான் போயிருக்கிறது. உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வசதியாக இருக்கிறது.